பொன் காண்பாரும் வெள்ளி உப்பும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் என்றதும் வரலாறு படித்தோர் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்து, ஊர்ப்பணிக்கு ஆள் தேர்ந்த முறையை விரிவாகச் சொல்கின்றன. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டங்களைப் பார்க்கத் தோட்ட வாரியம், ஆண்டுப் பொறுப்பு முழுவதையும் ஏற்கச் சம்வத்சர வாரியம் என்று அமைந்த குழுக்களின் வரிசையில் பொன் வாரியம் என்ற ஒன்றும் இருந்தது என்பதைப் பாடநூல்கள் பெயரளவில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றன. பொன்னுக்கென்று ஓர் ஊர் தனிக்குழு வைத்துக்கொள்ள வேண்டிய தேவை என்ன, அக்குழு கண்காணித்த தொழில் எத்தகையது, அத்தொழிலின் அறிவு பின்னர் எங்கெல்லாம் சென்றது என்ற வினாக்கள் அவ்வளவு எளிதாகக் கடந்துவிடத்தக்கவை அல்ல.

இவ்வினாக்களுக்கு விடை தரும் வகையில், பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சபையின் மற்றொரு தீர்மானமும் கல்லில் வெட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பொன் காண்பவர்களை, அதாவது மக்கள் கொண்டுவரும் பொன்னின் தரத்தைச் சோதித்துச் சொல்பவர்களை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே அத்தீர்மானத்தின் பொருள். கோயிலைச் சூழ்ந்த மாடவீதியில் குடியிருப்போர், சேனையைச் சார்ந்தோர், எண்ணெய் வணிகர் வாழ்ந்த சங்கரப்பாடியைச் சேர்ந்தோர் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் பொன் பார்க்கத் தெரிந்தவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடவோலை வழியாகவே எடுக்க வேண்டும். தேர்வானவர்கள் யாருக்கும் சார்பின்றிப் பொன் காண வேண்டும். உரைகல்லில் படியும் பொன்னை ஒற்றியெடுத்த மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை சம்வத்சர வாரியத்தாரின் முன் நின்று தாங்கள் தவறிழைக்கவில்லை என்று உறுதி கூற வேண்டும். வேதமறிந்த நிலவுடைமையாளருக்கே வாரியப் பதவிகளை வரையறுத்த ஒரு சபை, பொன் பார்க்கும் பணிக்கு வரும்போது வணிகரையும் படையினரையும் சேர்த்துக்கொண்டது கருதத்தக்கது. கைத்திறமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளைத் தேட வேண்டும் என்பதைச் சபையார் அறிந்திருந்தனர். ஒரே தரப்பினரிடம் அப்பணியை விட்டுவிட்டால் அது யாருடைய தராசாக மாறும் என்பதையும் அறிந்திருந்தனர்.

இத்தனை கவனம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பொன்னின் இயல்பு விளக்கும். உத்திரமேரூர் அடங்கிய தொண்டை மண்டலத்தில் பத்தாம் நூற்றாண்டில் நிலம் விற்பதும், கோயில் விளக்குக்கு முதல் வைப்பதும், தண்டம் கட்டுவதும் பெரும்பாலும் பொன் எடையால் நடந்தன. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்ற எடைமுறை வழங்கியது. ஆனால் ஒரு கழஞ்சுப் பொன்னும் மற்றொரு கழஞ்சுப் பொன்னும் எடையில் ஒத்திருந்தும் மதிப்பில் ஒத்திருக்க வேண்டியதில்லை. இயற்கையில் கிடைக்கும் பொன்னில் வெள்ளி எப்போதும் சிறிதளவேனும் கலந்தே இருக்கிறது. தட்டார் பற்றவைப்புக்காகவும் உறுதிக்காகவும் செம்பும் வெள்ளியும் சேர்க்கின்றனர். வஞ்சிப்போரும் அவற்றையே சேர்க்கின்றனர். வெள்ளி மட்டும் சேர்ந்தால் பொன் வெளிறிப் பச்சை சாயும், செம்பு மட்டும் சேர்ந்தால் சிவக்கும். இரண்டையும் அளவறிந்து சேர்த்தால் நிறம் ஏறத்தாழ முன்போலவே நிற்கும் என்பதால் கண் ஒன்றை மட்டும் நம்பி மதிப்பிட முடிவதில்லை.

இக்குறையை ஈடுசெய்ய எழுந்த கருவியே உரைகல். கட்டளைக்கல் என்று திருக்குறளே உவமையாக எடுத்தாளும் அளவுக்கு அது தமிழர் வாழ்வில் பழமையானது. வழுவழுப்பான கருநிறக் கல்லின்மேல் பொன்னை உரைத்தால் மெல்லிய கோடு விழும். அக்கோட்டின் அருகே தரம் தெரிந்த பொன்னால் செய்த ஆணியை உரைத்து இரு கோடுகளையும் ஒப்பிட்டால், தெரியாத பொன்னின் தரம் எந்த ஆணிக்கு நெருங்கியது என்பது புலப்படும். இத்தரப் படிகளே மாற்று எனப்பட்டன. ஆணிப்பொன் என்றும் பத்தரை மாற்றுத் தங்கம் என்றும் இன்றும் பேச்சில் வழங்கும் சொற்கள் இத்தொழிலின் எச்சங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் அளித்த பொன்னணிகள் ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டன என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. அவை பொன்னின் தரத்தைக் குறிக்கத் தண்டவாணி என்னும் அளவாணியைச் சான்றாகக் காட்டுகின்றன. எடைக்கு ஓர் அரசுக்கல், தரத்துக்கு ஓர் அரசாணி என்ற இந்த இரட்டை ஏற்பாடு, அளவையியலின் வரலாற்றில் தமிழகத்துக்குரிய இடத்தைக் காட்டும் சான்றாகும். அதற்கும் முற்பட்ட சங்க காலத்திலேயே வண்ணக்கன் என்ற அடைமொழியோடு புலவர் சிலர் பெயர் காணப்படுகிறது. நாணயத்தையும் பொன்னையும் சோதிப்பவன் என்பதே அச்சொல்லின் பொருள் என்று உரையாசிரியர் மரபு கொள்கிறது. பிற்காலத்தில் அதே பணிக்கு நோட்டம் என்ற சொல் வழங்கி, நோட்டக்காரர் கடைவீதிகளில் காசு பார்க்கும் தொழிலாளராயினர்.

உரைத்தல் என்பது பொன்னைத் தேய்த்தல். ஒவ்வொரு சோதனையிலும் உரியவரின் பொன்னில் ஒரு துகள் கல்லில் தங்கிவிடுகிறது. ஒருவருக்கு அது பொருட்டாகத் தோன்றாது. ஆண்டு முழுவதும் ஓர் ஊரே உரைத்தால் கல்லில் சேர்வது சிறு தொகையாகிவிடும். தட்டார் தொழிலில் மெழுகு உருண்டையைக் கல்லின்மேல் ஒற்றி அத்துகள்களை எடுத்து, பின்னர் மெழுகை எரித்துப் பொன்னை மீட்பது வழக்கம். உத்திரமேரூர்ச் சபை அம்மெழுகைச் சோதிப்பவரின் உடைமையாக விடவில்லை. மெழுகு தமக்குரியதாயின் அழுத்தி உரைக்கவும் பலமுறை உரைக்கவும் சோதிப்பவருக்கு ஆசை எழும். மெழுகு ஏரிக்குரியதாயின் அந்த ஆசைக்கு இடமில்லை. ஊழலைத் தண்டனையால் தடுப்பதற்கு முன், அதன் காரணத்தையே இல்லாமற் செய்யும் இந்த விதியைக் குடவோலை முறையைவிட நுட்பமானது என்று மதிப்பிடுவதும் மிகையாகாது.

அப்பொன் ஏரிக்குச் சென்றதிலும் பொருள் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்நிலத்தில் வேளாண்மை என்பதே ஏரிதான். உத்திரமேரூரின் வைரமேக தடாகம் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது. வாலாசாபாத்துக்கு அருகிலுள்ள தென்னேரியின் பெயரோ, தொண்டைமான் இளந்திரையனை நினைவூட்டும் திரையனேரி என்பதன் திரிபு என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர் கருதுகின்றனர். இத்தகைய ஏரிகளில் ஆண்டுதோறும் வண்டல் படியும். தூர் எடுக்கவும் கரை உயர்த்தவும் மதகு செப்பனிடவும் ஓயாது பணம் வேண்டும். ஊரார் ஒவ்வொருவரின் பொன்னிலிருந்தும் தேய்ந்த துகள், ஊரார் அனைவரின் வயலுக்கும் நீர் தரும் ஏரிக்குத் திரும்பியது.

பொன்னிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் கலையும் உரைகல்லோடு இணைந்தே வளர்ந்தது. தகடாகத் தட்டிய பொன்னை உப்பும் செங்கற்பொடியும் கலந்த கலவைக்குள் அடுக்கி, பொன் உருகிவிடாத வெப்பத்தில் நெடுநேரம் புடமிட்டால், உப்பிலுள்ள குளோரின் வெள்ளியைப் பற்றி வெள்ளிக் குளோரைடு என்னும் உப்பாக மாற்றுகிறது. அவ்வுப்பு உருகிச் செங்கற்பொடியில் ஊறிவிட, பொன் மட்டும் தகட்டில் எஞ்சுகிறது. ஆசியா மைனரின் சார்டிசு நகரில் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே இம்முறை நடைபெற்றதற்கு அகழாய்வுச் சான்று உண்டு. அர்த்தசாத்திரமும் உப்பிட்டுப் பொன்னைத் தூய்மை செய்வதைப் பேசுகிறது, அதோடு நகத்தில் பொடியை மறைத்து உரையின் நிறத்தை மாற்றும் சோதகர்களைப் பற்றியும் எச்சரிக்கிறது. வெள்ளிக்கும் குளோரினுக்கும் இடையிலுள்ள இந்த ஈர்ப்பே இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதையும் தாங்கும் அச்சு. பல சேர்மங்களில் ஒட்டியிருக்கும் குளோரினை வெள்ளி தேடிச்சென்று பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் உண்டாகும் வெள்ளிக் குளோரைடு நீரில் ஏறத்தாழக் கரையாது, ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 2 மில்லிகிராம் மட்டுமே கரையும்.

கனிம அமிலங்கள் இந்தியாவில் பரவிய பின்னர் உரைகல்லின் பயன் மேலும் கூர்மை பெற்றது. வெடியுப்பிலிருந்து வடிக்கும் நைட்ரிக் அமிலத்தைத் தட்டார் திராவகம் என்றே அழைக்கின்றனர். கல்லில் விழுந்த கோட்டின்மேல் அதை ஒரு துளி இட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்து மறைய, பொன் நிற்கும். உயர்ந்த மாற்றுகளை வேறுபடுத்தச் சிறிது உப்போ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ சேர்த்த கலவை வேண்டும். இச்சோதனையில் சோதிப்பவர் நோக்குவது கோடு மறைகிறதா என்பதை மட்டும் அல்ல, எவ்வளவு விரைவில் மறைகிறது என்பதையும்தான். ஆணியின் கோடும் நகையின் கோடும் ஒரே துளிக்கு அடியில் ஒருங்கே கிடக்க, எது முந்தி மங்குகிறது என்று பார்த்துத் தரம் சொல்வது, வேதியியலார் இன்று வினைவேகம் என்று அழைப்பதைக் கடிகாரமின்றி ஒப்பிடுவதாகும். வினைவேகம் என்பது ஒரு வேதிவினையில் குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு பொருள் மாறுகிறது என்னும் அளவு. ஐரோப்பாவில் வில்கெல்மி என்பவர் சர்க்கரைக் கரைசல் அமிலத்தில் மாறும் வேகத்தை 1850இல் அளந்ததையே வினைவேகவியலின் தொடக்கமாக நூல்கள் குறிக்கின்றன. எண்ணாக எழுதியது அவரே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே அமிலத்தில் இரு பொருள்களின் வேகத்தை ஒப்பிட்டு முடிவு கூறும் பழக்கம் உரைகல் தொழிலாளர் கையில் அதற்கு முன்பே இருந்தது என்பதையும் அந்நூல்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் நாணயச்சாலைகளில் சோதனைத் தொழில் அரசு அலுவலரின் கையில் இருந்தது. அவர்களுள் நினைவுகூரத்தக்கவர் சேம்சு பிரின்செப். அசோகனின் பிராமி எழுத்தை 1837இல் முழுமையாகப் படித்தறிந்தவர் என்ற முறையில் கல்வெட்டியலார் அவரைப் போற்றுகின்றனர். அவரது தொழிலோ காசி நாணயச்சாலையிலும் பின்னர் கல்கத்தாவிலும் பொன் வெள்ளி சோதிப்பது. உலையின் உள்வெப்பத்தை அளக்க அக்காலத்தில் நம்பத்தக்க கருவி இல்லாமையால், வெள்ளியையும் பொன்னையும், பொன்னையும் பிளாட்டினத்தையும் படிப்படியான விகிதங்களில் கலந்து சிறு துண்டுகளாகச் செய்து, எந்தத் துண்டு வரை உருகுகிறது என்பதைக்கொண்டு வெப்பத்தை மதிப்பிடும் முறையை அவர் வகுத்து 1828இல் லண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். வெள்ளி 962 பாகை செல்சியசில் உருகும், பொன் 1,064இல் உருகும், பிளாட்டினமோ 1,768 வரை தாங்கும் என்பதால் இடைப்பட்ட வெப்பங்கள் அனைத்துக்கும் ஒரு கலவை கிடைத்தது. தண்டவாணியை வைத்து மாற்றை அறிந்த அதே சிந்தனை, இங்கே உலோகக் கலவைகளின் வரிசையை வைத்து வெப்பத்தை அறிந்தது. கல்வெட்டைப் படித்த கையும் பொன்னைப் படித்த கையும் ஒன்றாக இருந்த இந்த ஒருவரை இரு துறையாரும் தனித்தனியே பங்கிட்டுக்கொண்டது வருந்தத்தக்கது.

அதே காலப்பகுதியில் பிரான்சில் கே-லுசாக் வெள்ளியை ஈரமுறையில் சோதிக்கும் வழியை வகுத்து 1832இல் நூலாக வெளியிட்டார். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் வெள்ளி நைட்ரேட் உண்டாகும். அளவு தெரிந்த உப்புநீரை அதில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் ஒவ்வொரு துளிக்கும் தயிர்போல வெண்படிவு விழும். குலுக்கித் தெளியவிட்டு மறு துளியிட்டும் கலங்கல் எழாத கணத்தில், செலவான உப்புநீரின் அளவே வெள்ளியின் அளவைச் சொல்லிவிடும். சமையலுப்பும் வெள்ளியும் சேர்ந்தால் கரையாத உப்பாகும் என்ற புடக்கலையின் உண்மையே இங்குத் துல்லியமான அளவையாயிற்று.

பொன்னைச் சோதிக்கும் தீமுறையில் வேகத்தின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நகையிலிருந்து வெட்டிய துணுக்கோடு அதன் பொன்னளவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெள்ளியைச் சேர்த்து ஈயத் தகட்டில் பொதிந்து உலையில் இட்டால், ஈயமும் செம்பும் எலும்புச்சாம்பல் போன்ற நுண்துளைப் பொருளால் ஆன கிண்ணத்தில் உறிஞ்சப்பட, பொன்னும் வெள்ளியும் கலந்த மணி ஒன்று எஞ்சும். அதைத் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து பொன் மட்டும் நிற்கும். பொன்னைக் காண்பதற்கு முதலில் வெள்ளியைக் கூட்டுவது முரணாகத் தோன்றலாம். பொன் மிகுந்த கலவையில் பொன்னணுக்கள் வெள்ளியணுக்களைச் சுற்றி வேலியிட்டுக்கொள்வதால் அமிலம் உள்ளே புகும் வேகம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பொன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் வெள்ளி முழுவதும் வெளியேற வழி திறக்கிறது. முதலில் வலிமை குறைந்த அமிலம், பின்னர் வலிமை மிக்கது, ஒவ்வொன்றிலும் குறித்த நேரக் கொதிப்பு என்ற ஒழுங்கு இதனாலேயே ஏற்பட்டது. இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2000இல் தங்க நகைக்குத் தொடங்கி 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கிய ஹால்மார்க் முத்திரைக்கும் இத்தீமுறையே இறுதிச் சான்று.

இதில் பிளாட்டினம் புகுந்தால் ஒரு வியப்பு நிகழ்கிறது. தனியே இருக்கும் பிளாட்டினத்தை நைட்ரிக் அமிலம் தொடுவதில்லை. அதைக் கரைக்க இராச திராவகம் எனப்படும் இரட்டை அமிலக் கலவை வேண்டும். ஆனால் வெள்ளி மிகுந்த கலவையில் அது இருந்தால், வெள்ளியோடு சேர்ந்து அதன் ஒரு பகுதியும் நைட்ரிக் அமிலத்தில் கரைந்து கரைசலுக்கு மஞ்சள் சாயல் தருகிறது. சோதனையாளருக்கு இது தொல்லை. வேதியியலாருக்கோ இவ்விரு உலோகங்களும் கரைசலில் எவ்வாறு பழகுகின்றன என்னும் பெரிய வினாவின் வாயில்.

கரைசலில் பிளாட்டினம் தனித்து நிற்பதில்லை. அதைச் சுற்றிக் குளோரைடு, அம்மோனியா போன்ற துணைகள் குறித்த இடங்களில் பிணைந்து நிற்கும்; இத்துணைகளை ஈனிகள் என்றும், இவ்வாறு அமைந்த முழுப்பொருளை அணைவுச் சேர்மம் என்றும் அழைப்பர். ஒரு பிளாட்டினத்தைச் சுற்றி இரு குளோரைடும் இரு அம்மோனியாவும் ஒரு சதுரத்தின் நான்கு முனைகளில் நிற்கும் மஞ்சள் நிறச் சேர்மத்தைப் பெய்ரோன் 1844இல் செய்து காட்டினார். குளோரைடுகள் இரண்டும் அடுத்தடுத்த முனைகளில் நிற்கின்றனவா எதிரெதிரே நிற்கின்றனவா என்பதால் இருவேறு பொருள்கள் உண்டாகும் என்பதை அணைவுச் சேர்மங்களின் கொள்கையை 1893இல் வகுத்த வெர்னர் விளக்கினார். அடுத்தடுத்து நிற்கும் வகைக்குப் பின்னர் சிஸ்பிளாட்டின் என்ற பெயர் வந்தது. மிச்சிகனில் ரோசன்பர்க்கும் அவர் குழுவினரும் பிளாட்டின மின்முனைகளிலிருந்து கரைந்த சேர்மங்கள் நுண்ணுயிர்களின் பிளவைத் தடுப்பதை 1965இல் கண்டதும், 1978இல் அது புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் ஏற்பு பெற்றதும் யாவரும் அறிந்தவை.

அவ்வளவாக அறியப்படாதது, அம்மருந்தைத் தூய்மையாகச் செய்வதற்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் வழி இந்தியாவிலிருந்து வந்தது என்பதாகும். எஸ்.சி. தாரா 1970இல் இந்தியன் ஜர்னல் ஆப் கெமிஸ்ட்ரி இதழில் வெளியிட்ட சுருக்கமான கட்டுரையே அவ்வழியின் மூலம். பிளாட்டினத்தைச் சுற்றியுள்ள நான்கு குளோரைடுகளை முதலில் அயோடைடுகளாக மாற்றி, பின்னர் அம்மோனியா சேர்க்கிறார். ஓர் ஈனி தனக்கு எதிர்முனையில் நிற்பதை விரைவாக வெளியேற்றும் இயல்புடையது. அவ்வியல்பு குளோரைடைவிட அயோடைடில் மிகுதி, அம்மோனியாவில் குறைவு. ஆகவே முதல் அம்மோனியா ஓரிடத்தில் அமர்ந்தபின், இரண்டாவது அதற்கு எதிரே செல்லாமல் பக்கத்து முனையிலேயே அமர்கிறது. வேண்டிய வடிவம் கைவந்துவிட்டது. ஆனால் வேண்டாத அயோடைடுகள் இரண்டு இன்னும் பிளாட்டினத்தைப் பற்றியிருக்கின்றன. இங்கே வெள்ளி நைட்ரேட் வருகிறது. வெள்ளி அவ்விரு அயோடைடுகளையும் கவர்ந்துகொண்டு வெளிர்மஞ்சள் படிவாக அடியில் தங்க, வெறுமையான இரு முனைகளிலும் நீர் வந்து அமர்கிறது. படிவை வடித்தெடுத்துவிட்டு உப்பு சேர்த்தால் நீர் விலகிக் குளோரைடு அமர, சிஸ்பிளாட்டின் மஞ்சள் படிகமாக விழுகிறது. வடித்த நீரில் வெள்ளி எஞ்சியிருக்கிறதா என்பதைக் கண்டறிய ஒரு துளி உப்புநீர் இட்டு வெண்கலங்கல் எழுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. கே-லுசாக்கின் கடைசித் துளியே அது.

அயோடைடைப்போலவே குளோரைடையும் பிளாட்டினத்திலிருந்து வெள்ளி கவரும்; அவ்வினையின் வேகத்தை அளப்பது தனிக்கலை. வெள்ளி உப்பையும் பிளாட்டின அணைவையும் அளந்து கலந்து, வெப்பத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, குறித்த இடைவெளிகளில் சிறு பகுதியை எடுத்து எவ்வளவு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். படிந்த வெள்ளிக் குளோரைடை வடிகட்டி உலர்த்தி நிறுக்கலாம். கரைசலில் எஞ்சிய வெள்ளியை வெள்ளி மின்முனை காட்டும் மின்னழுத்தத்தால் அறியலாம். அணைவின் நிறம் மாறுவதால் அது உறிஞ்சும் ஒளியை அளக்கலாம். வெள்ளிக் குளோரைடு வெளிச்சம் பட்டால் கறுத்துச் சிதையும் என்பதால் கலம் இருளில் இருக்க வேண்டும். நுண்படிவு கரைசலில் மிதந்தால் ஒளியளவு பிழைக்கும் என்பதால் தெளிவித்த பின்னரே அளக்க வேண்டும்.

அளப்பதன் நோக்கம் வேகம் என்ற எண்ணை அறிவதோடு முடிவதில்லை; வினை எவ்வழியே நடக்கிறது என்பதை அறிவதே அதன் பயன். இருவழிகள் இயல்பானவை. முதல் வழியில், பிளாட்டினத்தைப் பற்றியிருந்த குளோரைடு தானாகவே மெல்ல விடுபட அங்கே நீர் அமர்கிறது. விடுபட்டதை வெள்ளி உடனே பிடித்துக்கொள்கிறது. அப்படியாயின் வெள்ளியை இருமடங்காக்கினாலும் வேகம் மாறாது, ஏனெனில் தாமதம் முழுவதும் முதற்படியில் இருக்கிறது. இரண்டாம் வழியில், குளோரைடு பிளாட்டினத்தை விடுமுன்பே வெள்ளி அதைத் தொட்டு இழுக்கிறது. அப்படியாயின் வெள்ளி மிகுந்தால் வேகமும் மிகும். வெள்ளியின் அளவை மாற்றி மாற்றிச் செய்யும் சோதனைகளே எவ்வழி என்பதைத் தீர்க்கும். வெள்ளியின்றி நீர் மட்டும் செய்யும் மாற்றம் எவ்வளவு மெதுவானது என்பதை ரெய்சசும் மார்ட்டினும் 1961இல் அயோவாவில் அளந்தனர். அவர்கள் கண்ட வேகப்படி, 25 பாகை செல்சியசில் சிஸ்பிளாட்டினின் முதற்குளோரைடு பாதியளவு மாற ஏழு முதல் எட்டு மணி நேரம் ஆகும். உடல் வெப்பத்தில் இது இரண்டு மணி நேர அளவுக்குக் குறைகிறது. பாதி மாற ஆகும் இக்காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பர்.

இந்த எண்ணே மருந்தின் போக்கைத் தீர்மானிக்கிறது. இரத்தத்தில் குளோரைடு மிகுந்திருப்பதால் சிஸ்பிளாட்டின் அங்கே பெரும்பாலும் மாறாமல் ஓடுகிறது. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவாதலால் அங்கே குளோரைடு விலகி நீர் அமர்ந்து, பின்னர் மரபுப்பொருளான டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. மருத்துவமனைகளில் இம்மருந்தை உப்புநீரில் கலந்து ஏற்றுவதும், செல்லுக்குள் நுழையுமுன் அது குளோரைடை இழந்துவிடாதிருக்கவே. ஆய்வகக் கலத்தில் வெள்ளி விரைந்து செய்வதையே உடலின் செல் மெதுவாகச் செய்கிறது என்று கூறினால் பொருந்தும்.

இத்தகைய ஆய்வகங்கள் உத்திரமேரூரில் இருந்ததில்லை. ஆனால் வெள்ளியைச் சோதிக்கும் தொழில் அவ்வட்டாரத்தை விட்டு நீங்கவும் இல்லை. காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையின் மதிப்பில் பெரும்பங்கு சரிகையைச் சார்ந்தது. பட்டுநூலின்மேல் வெள்ளிக்கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றிப் பொன் முலாம் பூசுவதே அசல் சரிகை. வெள்ளி 40 விழுக்காடு, பொன் அரை விழுக்காடு, எஞ்சியவை செம்பும் பட்டும் என்பது நெசவுக் கூட்டுறவுச் சங்கங்கள் பின்பற்றும் அளவு. அதைத் தமிழகத்திலேயே செய்வதற்காக 1971இல் அரசு நிறுவிய சரிகை ஆலை காஞ்சியை ஒட்டிய ஓரிக்கையில் இயங்குகிறது. சேலையின் முந்தியில் ஓர் இழையை எடுத்துக் கல்லில் உரைத்துப் பார்க்கும் பழக்கம் இன்றும் வணிகரிடம் உண்டு. ஊடுகதிர் பாய்ச்சி ஒவ்வோர் உலோகத்தின் விகிதத்தையும் நொடிகளில் சொல்லும் கருவியும் வந்துவிட்டது. கருவி மாறியிருக்கிறது, வாங்குபவரின் ஐயம் மாறவில்லை. அந்த ஐயத்தைத் தீர்ப்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற வினாவும் மாறவில்லை. சரிகைச் சோதனையோ ஹால்மார்க் முத்திரையோ எதுவாயினும், சோதிப்பவரின் வருவாய் யாரிடமிருந்து வருகிறது, அவரைச் சோதிப்பவர் யார் என்று கேட்கும்போது பத்தாம் நூற்றாண்டுச் சபையாரின் மெழுகு விதியை நினையாதிருக்க முடியாது.

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. உத்திரமேரூரும் தென்னேரியும் அதே மாவட்டத்தின் ஊர்கள். இந்தியாவின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சிஸ்பிளாட்டின் இடம்பெற்றிருக்கிறது. வெள்ளியும் உப்பும் அமிலமும் ஒன்றையொன்று எவ்வளவு விரைவில் பற்றுகின்றன என்று கூர்ந்து நோக்கிய நெடிய தொழில்மரபின் ஒரு கிளையே அம்மருந்தைச் செய்யும் முறையில் முடிகிறது. உத்திரமேரூருக்குச் செல்வோருக்குக் குடவோலைக் கல்வெட்டை எடுத்துக்காட்டும் வழிகாட்டிகளும் பாடநூல் எழுதுவோரும், பொன் காண்பாருக்கு விதிக்கப்பட்ட அத்தீர்மானத்தையும் முழுமையாக எடுத்துக்காட்ட வேண்டும். தமிழகத்தின் வேதியியல் வரலாற்றை எழுத முற்படுவோர் அக்கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.